அழிக்கச் சொல்லி வந்த பெண்கள்

வேலைக்குப் போக, ஆலங்குளத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கோப்பு என் கைபேசிக்கு வந்தது. அனுப்பியவள் என் மதினி. "இது ஒங்க காலேஜ்தான?" என்று கீழே ஒரு வரி. ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்தது. பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள். தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஒரே சிரிப்பும் சத்தமும். நான் கோப்பைத் திறந்தேன். மேல் வரியில் இருந்த தலைப்புகள் எல்லாம் நான் எழுதியவை. 'கர்ப்பம் தங்காமல் போன தடவைகள்' என்று ஒரு தலைப்பு. கேள்வியாக வாசிக்கும்போது எந்தப் பெண்ணுக்கும் சுருக்கென்று இருக்கக் கூடாது என்று இரண்டு நாள் யோசித்து நான் வைத்த சொற்கள் அவை. அந்தத் தலைப்புக்கு இடப்பக்கம், நான் ஒருபோதும் சேர்த்து வைக்காத நான்கு நெடுவரிசைகள் இருந்தன. பெயர், கணவர் பெயர், வீட்டு எண், கைபேசி எண்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வந்தது கோபம்கூட இல்லை. கைபேசி நழுவிக் காலடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தபோது, திரையை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று பிடுங்கி வாங்கினேன். அவர் பார்க்காமல் இருந்து என்ன? ஆலங்குளத்தில் அடுப்படியில் நிற்கிற என் மதினி வரைக்கும் வந்துவிட்ட ஒன்றை நான் முந்தானையால் மூடினேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருந்த அந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகையில் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது காலேஜ். அங்கே நான் தரவு மேலாளர். ஆராய்ச்சி செய்கிறவர்கள் சேகரித்து வருகிற விவரங்களை ஒழுங்குபடுத்தி, பத்திரப்படுத்தி, யார் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது என் வேலை. பேராசிரியர்களைப் பொறுத்தவரை நான் எக்ஸெல் போடுகிற பெண். கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்தும்போது அப்படியேதான் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு அது. மூச்சுத்திணறல், இருமல், காசநோய், கர்ப்பம் தங்காமல் போவது, இடுப்புவலி என்று மூன்று வருடம் நடந்தது. நூற்றுப் பத்தொன்பது பெண்கள். ஆய்வுக்குத் தலைவர் எங்கள் இயக்குநர். தரவை எப்படி வைத்துக்கொள்வது என்று திட்டம் போட்டது நான். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண். அவர்கள் சொன்னதெல்லாம் அந்த எண்ணின் கீழ் ஒரு கோப்பில் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது வேறொரு கோப்பில், கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கும். இரண்டும் ஒருநாளும் சேரக் கூடாது. இதில் பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை, வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடாமல் இருக்கிற புத்திதான்.

சம்மதப் படிவத்தையும் நான்தான் எழுதினேன். 'நான் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். விலகினால், நான் கொடுத்த விவரங்கள் அனைத்தும் அழிக்கப்படும்' என்று கடைசியில் ஒரு வரி. இயக்குநர் அதை வாசித்துவிட்டு, "வெரி குட். இதெல்லாம் இருந்தாத்தான் எதிக்ஸ் கமிட்டில கேள்வி வராது" என்றார். அந்த வரியை யாராவது ஒருநாள் உண்மையிலேயே எடுத்து நீட்டுவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நினைக்கவில்லை.

வீடு வீடாகப் போய் விவரம் எடுத்தது, நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவர். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கள உதவியாளர் என்று பெயர். பீடி சுற்றுகிற தெருக்களில் ஒன்றில்தான் அவருக்கும் வீடு. கணவர் சவுதியில் டிரைவர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும் மேலே படிக்காமல் நிக்காஹ் ஆனவர். அலுவலகத்துக்குள் என்னை 'மேடம்' என்பார். வாசல் தாண்டினால் 'ஏட்டி'. அந்த வித்தியாசம் எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. தெருப் பெண்களுக்கு அவர் 'லாத்தா', அவர்கள் பேச்சில் அக்கா.

ஒரு முறை அவரோடு நானும் போனேன். கேள்வித்தாளை நீட்டிக்கொண்டு போய் நிற்பார் என்று நினைத்திருந்தேன். அக்கா போய் உட்கார்ந்தார், அந்த வீட்டுப் பெண் பீடி சுற்றுகிற சுளகிலிருந்து கொஞ்சம் இலையையும் புகையிலைத் தூளையும் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார், சுற்ற ஆரம்பித்தார். விலைவாசி, மருமகள், மழை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. அரை மணி நேரம் கழித்து, கையை நிறுத்தாமலே, "ஒனக்கு முன்னால ஒண்ணு தங்காமப் போச்சுல்லா?" என்று கேட்டார். அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். மாமியார் இல்லை. "ஒண்ணு இல்ல லாத்தா. மூணு" என்றாள். அவள் கணவனுக்கே ஒன்றுதான் தெரியும். அக்கா சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைத்துவிட்டு அவள் முழங்காலில் கை வைத்தார். "இது ஒம் பேர்ல இருக்காது. நம்பர் தான். நம்பருக்கு வீடு கிடையாது, மாமியா கிடையாது" என்றார். வெளியே வந்து, நடந்துகொண்டே டேப்லெட்டில் பதிந்தார். அந்தப் பெண்ணின் முன்னால் அதை வெளியில் எடுக்கவே இல்லை.

எழுபத்தொன்றாம் எண் ஓர் இளம்பெண். இருபது வயது. காசநோய் வந்து முழுக்கக் குணமானவள். மாத்திரை வாங்குவதைத் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, தென்காசியை விட்டுவிட்டு ஆலங்குளம் வரை பஸ்ஸில் போய் வாங்கினாள். வீட்டில் அவள் உம்மாவுக்கு மட்டும் தெரியும். ஆய்வில் சேர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். அக்கா வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். "தூள் ஏறித்தான் எனக்கு வந்துச்சோ என்னமோ. எழுதிக்கிடுங்க லாத்தா, நாளைக்கு வேற பிள்ளைக்கு வராம இருக்கும்லா" என்றாளாம்.

பல்கலைக்கழகத்துக்குத் தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாக அறிவிப்பு வந்ததும் எல்லாருக்கும் பேய் பிடித்தாற்போல் ஆயிற்று. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், தொட்டியில் புதுச்செடி வைத்தார்கள், பூட்டிக் கிடந்த கழிப்பறைகளைத் திறந்தார்கள். ஆராய்ச்சித் தரவுகளை எல்லாரும் பார்க்கும்படி இணையதளத்தில் வைத்திருந்தால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, பீடி ஆய்வின் தரவை ஏற்று என்றார். பெயர் இல்லாமல், தெரு இல்லாமல், எண் மட்டும் இருக்கிற கோப்பு ஒன்றைத் தயார் செய்து காட்டினேன். வயதைக்கூட நேரடியாகக் காட்டாமல் ஐந்தைந்து வருடமாகத் தொகுத்திருந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது என்னம்மா, பாதி காலியா இருக்கு? உண்மையான ஆளுங்களான்னு கமிட்டி கேட்டா?"

"உண்மையான ஆளுங்கங்கிறதாலதான் சார் இப்படி வச்சிருக்கேன்."

அவர் "சரி, சரி" என்று சிரித்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆய்வுக்குத் தலைவர் என்ற முறையில், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது திறக்க வேண்டுமே என்று, பெயர்க் கோப்பின் கடவுச்சொல்லை அவருக்கும் கொடுத்து வைத்திருந்தேன். திருடனுக்குப் பயந்து பூட்டினேன். வீட்டுக்காரருக்குப் பயப்படவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

என் அண்ணனின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்காக நான் இரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். அந்த இடைவெளியில் அவர் இரண்டு கோப்புகளையும் சேர்த்தார், தளத்தில் ஏற்றினார். குழு வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், ஐந்தருவியில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்தார்கள். குழுவில் ஒருவர்கூட அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. துபாயில் வேலை பார்க்கிற ஒருவர், ஏதோ காரணத்துக்காகத் தன் வீட்டுக் கைபேசி எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கிறார். எங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கம் வந்து நின்றிருக்கிறது. அவர் மனைவியின் பெயர், அதற்கு நேரே, கர்ப்பம் தங்காமல் போன தடவைகள் என்பதன் கீழ் ஒரு மூன்று. இது என்ன என்று கேட்டு அவர் அந்தக் கோப்பை ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். அங்கிருந்து அது தென்காசிக்கு வந்து, ஆலங்குளம் போய், பஸ்ஸில் இருந்த என்னிடம் வந்தது.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கோப்பைத் தளத்திலிருந்து எடுத்தேன். அடுத்து, யார் எப்போது ஏற்றினார்கள் என்று கணினி தானாக எழுதி வைத்திருக்கிற பதிவை அச்செடுத்தேன். இயக்குநரின் கணக்கு, இயக்குநரின் அறைக் கணினி, நான் விடுப்பில் இருந்த நாள். அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். "முதல்ல யாரு பார்வர்ட் பண்ணாங்கன்னு பார்ப்போம். அதுதான் இப்ப முக்கியம். நீ யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்" என்றார்.

மத்தியானம் அக்காவின் தெருவுக்குப் போனேன். தெரு நடுவில் அக்கா நின்றிருந்தார், சுற்றிலும் பெண்கள். யாரும் அவரைத் தொடவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். மூன்று முறை கர்ப்பம் தங்காத அந்தப் பெண் முன்னால் வந்தாள். முந்தின நாள் போனில் கணவன் என்ன சொன்னான் என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

"நான் ஒங்ககிட்ட தான லாத்தா சொன்னேன்? காலேஜுகிட்டயா சொன்னேன்?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், இவர் செய்யவில்லை, எங்கள் இயக்குநர் செய்தார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் கைப்பையில் அச்செடுத்த தாள் இருந்தது. யார்கிட்டயும் பேச வேண்டாம் என்ற உத்தரவுக்கு நான் அன்றைக்குக் கீழ்ப்படிந்தேன். எழுபத்தொன்றாம் எண் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்து, பேசியதை முறித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேராசிரியர்கள், பிஸ்கட், காபி. அக்காவின் டேப்லெட்டை வாங்கிப் பார்த்து, அதில் வாட்ஸப் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்காக அவர் போட்டுக்கொண்டது அது. "அலுவலகக் கருவியில் சொந்த உபயோகம்" என்று ஒருவர் எழுதிக்கொண்டார். நான் பதிவுத் தாளை நீட்டினேன். தலைவராக இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது டெக்னிக்கல் விஷயம்மா. பின்னால அனெக்சர்ல சேர்த்துக்கலாம்" என்றார். அந்தப் பின்னால் வரவே இல்லை. ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. 'கள உதவியாளரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்' என்று முடிவு. தரவு மேலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

என் வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கும் உத்தரவு இயக்குநரின் மேசையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் பேச்சு. 'காரணம்' என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'இருக்கலாம்' என்றுதானே இருக்கிறது? இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம்தானே? படித்தவர்களுக்கு இப்படித்தான் வசதியாக ஒரு சொல் கிடைக்கும். போட்டேன். மறுநாள் அக்காவை வேலையை விட்டு எடுத்தார்கள். இயக்குநரை நான் எவ்வளவு வெறுக்கிறேனோ, அந்த ஒரு நிமிடத்து என்னையும் அவ்வளவு வெறுக்கிறேன். இத்தனை வருடத்தில் இரண்டில் எதுவும் குறையவில்லை.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் நான் வெளியே வரும்போது, எதிரே டீக்கடைப் பக்கம் அக்கா நின்றிருந்தார். கையில் என் படிவத்தின் நகல் ஒன்று. எந்த முன்னுரையும் இல்லாமல் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது நெசமா, இல்ல சும்மா போட்டியா?"

"நிஜந்தான்க்கா."

"வேண்டாம்னு எத்தன பேரு சொன்னா அழிப்பிய?"

"ஒருத்தர் சொன்னாலும் அவங்களோடத அழிக்கணும்."

"எல்லாரும் சொன்னா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிட்டு வந்த முகமில்லை அது. "எல்லாத்தையும் அழிக்கணும்" என்றேன். அக்கா தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

முன்பு சுளகை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த அத்தனை வீடுகளுக்கும் மறுபடியும் போனார். பல வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. திறந்த வீடுகளில் ஏசினார்கள். ஒரு வீட்டில் வாசலிலேயே வைத்து, ஒரு நாழிகை நேரம் அவரையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்துத் திட்டித் தீர்த்த பிறகு கையெழுத்துப் போட்டார்களாம். "ஏசட்டும். நான் போய்க் கேட்டதாலதான சொன்னாவ? அவியளுக்கு ஏச வேற யாரு இருக்கா?" என்று பிறகு என்னிடம் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை. இனி இது அவர்கள் கையில் இருக்கக் கூடாது, ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று மட்டும் கேட்டார். ஆவணி பாதியில் நூற்றுப் பத்தொன்பதும் முடிந்தது.

தாளைத் தபாலில் அனுப்பவில்லை. ஒரு புதன்கிழமை காலை, டவுன் பஸ்களில் ஏறிக் கிட்டத்தட்ட அறுபது பெண்கள் வந்து இறங்கினார்கள். காவலாளி என்ன செய்வது என்று தெரியாமல் கதவைத் திறந்துவிட்டார். இயக்குநர் அறையில் பத்துப் பேர் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் வராந்தாவில், படிக்கட்டில். மூன்று வருடமாக இவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த அந்தக் கட்டடத்துக்குள் இவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் கால் வைத்ததில்லை. இயக்குநர் எழுந்து நின்று, யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார், இது சமுதாயத்துக்கான ஆய்வு என்றார், பரிசீலிக்கிறேன், நேரம் வேண்டும் என்றார். "இது மூணு வருஷ உழைப்பும்மா" என்றார்.

அக்கா கேட்டார்: "யாரு உழைப்பு சார்?"

பின்னால் நின்ற ஓர் இளம்பெண் வழி விடச் சொல்லி முன்னால் வந்தாள். முகத்தை மூடவில்லை. "நான் எழுவத்தொண்ணு" என்றாள். "என்னைய மொதல்ல அழிங்க."

நான் என் அறைக்குப் போனேன். மடிக்கணினியை எடுத்துவந்து இயக்குநரின் மேசையிலேயே, அவர் கண் முன்னால் வைத்தேன். "யார் உத்தரவு?" என்று கேட்டார். "படிவத்துல இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்ட படிவம்" என்றேன். எழுபத்தொன்றை முதலில் அழித்தேன். பிறகு ஒன்றிலிருந்து ஒவ்வோர் எண்ணாக வாசித்து, தாளில் சரிபார்த்து அழித்தேன். பெயரைச் சொல்லவில்லை, வந்திருந்தவர்களின் எண் வரும்போது வராந்தாவிலிருந்து யாராவது "ம்" என்றார்கள். நகல்கள் இருந்த எல்லா இடத்திலும் அழித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர்கள் அதுவரை நின்றார்கள். முடிந்ததும், கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த பதிவுத் தாளை எடுத்து, யார் ஏற்றினார்கள், எந்தக் கணினியிலிருந்து, எந்த நாளில் என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். இரண்டு மாதம் தாமதமாக.

கர்ப்பம் தங்காத அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "இங்கன அழிச்சிட்டிய. எங்க வீட்டுக்காரர் போன்ல இருக்கத யாரு அழிப்பா?" என்று கேட்டாள்.

எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த விவரங்களை வைத்து இயக்குநர் வெளியிட்டிருந்த ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தொழில்நுட்பக் காரணம் என்று ஒரு வரி போட்டார்கள். இயக்குநருக்கு எதுவும் ஆகவில்லை. வேறோர் ஊரில், இதைவிடப் பெரிய பதவியில் இருக்கிறார். ஆராய்ச்சி நெறிமுறைகள் பற்றிப் பேச அவரைக் கூப்பிடுகிறார்கள். அழைப்பிதழ் எனக்கே இரண்டு முறை வந்தது. என் வேலையை அவர்கள் நீட்டிக்கவில்லை. இப்போது வேறொரு கல்லூரியில் இருக்கிறேன். எழுபத்தொன்றாம் எண்ணுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று சொன்னால் வாசிக்கிற உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆகவில்லை. தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். இருமிக்கொண்டு வந்து வெறும் டானிக் கேட்கிறவர்களிடம், "சளி டெஸ்ட் எடுத்திட்டியளா? எனக்கு வந்து சரியாச்சு, பயப்படாதிய" என்று சத்தமாகவே சொல்கிறாள். அக்கா மறுபடியும் பீடி சுற்றுகிறார். என் கல்லூரியில் புதிதாக வருகிறவர்கள் தரவு, தரவு என்று கண் விரியப் பேசும்போது, அது சுளகுக்கு முன்னால் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தை என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. சில சமயம் கத்தியும் இருக்கிறேன். கொஞ்சம் ஒரு மாதிரியான ஆள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம்.

போன வருடம் தென்காசி பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். மூத்த மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டது தப்பு என்றேன். மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

"எங்க பேர எல்லாம் அழிச்ச, சரி" என்றார் அக்கா. "ஒன் கையெழுத்து அங்கனயேதான கெடக்கு?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்த அறிக்கை இன்னும் அந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. நான் கோபத்தோடு சுற்றிக்கொண்டிருந்த அத்தனை வருடமும், ஒரு பீரோவுக்குள் அக்காவின் பெயரும் அதன் கீழ் என் கையெழுத்தும் அப்படியே இருந்திருக்கின்றன.

மறுநாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். பதிவுத் தாளின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொரு முறை அனுப்பினேன். அதற்கும் இல்லை. மூன்றாவது முறை நேரில் போனேன். வாசலில் வருகைப் பதிவேட்டில் வந்த காரணம் என்ற இடத்தில், 'என் கையெழுத்தைத் திரும்பப் பெற' என்று எழுதினேன். காவலாளி வாசித்துவிட்டு, "இப்டில்லாம் எழுதக் கூடாது மேடம். பெர்சனல்னு போடுங்க" என்றார். இருக்கட்டும் என்றேன். புதிதாக வந்திருந்த பதிவாளர், பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். மனுவை வாங்கி, முத்திரை வைத்து நகல் கொடுக்கும்வரை போக மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டி, மூன்று மணிக்கு முத்திரை விழுந்தது. அசல் அந்தக் கோப்பில், அந்த அறிக்கையின்மேல் வைத்துக் கட்டப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நகலை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வேகமாக வாசிக்கக்கூடியவர்தான், ஆனால் மெதுவாக, வரிவரியாக வாசித்தார். ஓரிடத்தில் நிமிர்ந்தார்.

"இதுலயும் 'இருக்கலாம்'னு போட்டிருக்கியா?"

"இல்லக்கா. கடைசி வரியப் பாருங்க."

'கள உதவியாளர் மீது எந்தத் தவறும் இல்லை' என்ற வரியை இரண்டு முறை வாசித்தார். தாளை மடித்து, பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருக்கிற பைக்குள் வைத்தார். உட்காரச் சொன்னார். நான் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கோவம் போயிட்டுன்னு சொல்லுவேன்னு நெனைக்காத" என்றார் அக்கா, சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டே. "எனக்கு இருக்கத்தான் செய்யும். நீயும் ஒன் கோவத்த விட்டுராத."